முப்பத்தேழாம் டோக்கன்

பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.
கரும்பலகையில் வெள்ளிக்கிழமைப் பின்னக் கணக்கு
பாதியில் நிற்கிறது.
இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு
ஜமுக்காளம் விரித்து
சன்னலுக்கு ஒரு வேட்டியைக் கட்டியதும்
என் ஈசிஜி அறை தயார்.

ஆண்கள் யாரும் சும்மா சட்டையைக் கழற்றுவதில்லை.
“உள்ள ஒண்ணும் இருக்காதும்மா” என்பார் ஒருவர்,
“எல்லாம் கல்யாணத்தோட போச்சு.”
ஜெல் பட்டதும் கூச்சத்தில் நெளிவார் இன்னொருவர்.
பயத்துக்கு இந்த வரிசையில் சிரிப்பு என்று பேர்.

சிவப்பு வலக்கைக்கு. மஞ்சள் இடக்கைக்கு.
பச்சை இடக்காலுக்கு, கறுப்பு வலக்காலுக்கு.
நெஞ்சில் ஆறு.
என் வேலை அவ்வளவுதான்.
தாளை வாசிக்கிறவர் அடுத்த அறையில் இருக்கிறார்.

முப்பத்தேழு: வயிரவன், ஐம்பத்தெட்டு வயது,
கடைத்தெருவில் அடகுக்கடை.
எவர் நகை எந்த மாதம் மூழ்கும் என்று
பேரேட்டைத் தொடாமல் சொல்லிவிடுவாராம்.
“கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?”
மின்விசிறியைப் பார்த்தார்.
அதில் எழுதியிருக்கவில்லை.

போன் வந்தது.
கோட்டையூரிலிருந்து ஒரு பார்ட்டி, வளையலை மீட்க.
“பத்தே நிமிசம்.”
டோக்கன் மட்டும் பெஞ்சில் கிடந்தது.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவருக்கு
இட்லித் தூக்கோடு உண்ணாமலை ஆச்சி வந்தபோது
வாசலில் அவர் செருப்புகூட இல்லை.
டோக்கனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
“இது வீணாப் போகுமா?”
“போகும் ஆச்சி.”
“காசு?”
“இலவசம்.”
“அப்ப எனக்கே எடுத்துரு.”

தாலிச் சங்கிலியை ஓரமாக ஒதுக்கினேன்.
கூரையைப் பார்த்தபடி, பொழுதுபோக்காகச் சொன்னாள்:
மூணு நாளா வாயு.
முதுகுல பிடிச்சுத் தாடைக்கு ஏறுது.
மாடிக்குப் போனா வேர்த்துக் கொட்டுது.
சீரகத் தண்ணி குடிச்சேன்.
“வீட்ல சொன்னீங்களா?”
“வாயுவைப் போயி யாருகிட்ட சொல்ல?”

தாள் வந்துகொண்டே இருந்தது.
பதினாலு வருசமாக இந்தக் கோடுகளோடு இருக்கிறேன்.
வாசிப்பது என் வேலையில்லை,
ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே.
கிழித்துக்கொண்டு நடந்தேன்.
ஓடினால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை மென்றுகொண்டே
ஆம்புலன்சில் ஏறினாள்.
“தூக்குல இட்லி இருக்கு, ஆறிரப் போகுது.”
வயிரவன் வந்து சேர்ந்தார், மூச்சு வாங்க.
“அவளுக்கா?
டோக்கன் என்னோடதாச்சே.”

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவது சினிமாவில்.
வீட்டில் அது
பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்கிறது,
வாயு என்று சொல்லிக்கொள்கிறது,
அடுப்படிக்கு வெளியே வந்து தன் பெயரைச் சொல்ல
அதற்குக் கூச்சம்.
அன்றைக்கு அது வெளியே வந்தது
மிச்சமான ஒரு டோக்கனால்.
இதை நினைத்தால் எனக்கு இன்னும் கை சில்லிடுகிறது.
டோக்கன் மிச்சமாகாத ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

மதுரையில் இரண்டு ஸ்டென்ட்.
இப்போது உப்பு குறைத்து,
தெரு முக்குவரை நடந்து,
மாடிக்கு நின்று நின்று ஏறுகிறாளாம்.
சொன்னவர் வயிரவன்.

மூன்று மாதம் கழித்து, கானாடுகாத்தான் முகாம்.
எட்டு மணிக்கே வந்துவிட்டார்.
பணப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார்,
ஓரம் மடங்கிய முப்பத்தேழு.
“இது செல்லுமா?”
“தவணை தாண்டிருச்சே.”
“வட்டி போட்டு வாங்கிக்கங்க.”

சிரிக்காமல்தான் சட்டையைக் கழற்றினார்.
சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு.
ஆணியில் தொங்கிய சட்டைப் பையில்
போன் அடிக்க ஆரம்பித்தது.
அவர் விரல் ஒன்று அசைந்தது.

“அசையாதீங்க” என்றேன்,
“கோடு நடுங்கும்.”

அடித்து ஓய்ந்தது.
மறுபடி அடித்தது.
கண்ணை மூடிக்கொண்டார்.
தாள் வரத் தொடங்கியது.